டெஸ்ட் எல்லாம் பச்சை, மெமரியில் மட்டும் ஓட்டை: வாசகர் கேள்வி பதில்

சி, சி++ புராஜெக்ட்களின் டெஸ்ட் தொகுப்பில் மெமரிப் பிழைச் சோதனையைச் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகள் இந்த முறை. ஃபிளாக், வேரியபிள் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் சி லைப்ரரிக்கு முந்நூறு டெஸ்ட் இருக்கிறது. எல்லாமே பாஸ். ஆனால் பயன்படுத்துகிறவர்களிடம் எப்போதாவது கிராஷ் ஆகிறது. வால்கிரிண்ட்டா, அட்ரஸ் சானிட்டைஸரா என்று குழுவில் இரண்டு கட்சி. எதில் தொடங்குவது?

பதில்: இரண்டும் புரோகிராம் ஓடும்போதே மெமரிப் பிழையைப் பிடிக்கும் கருவிகள். வால்கிரிண்ட், கட்டிமுடித்த புரோகிராமைத் தனக்குள் ஓட்டிப் பார்க்கும். அட்ரஸ் சானிட்டைஸர், கம்பைல் செய்யும்போதே சோதனைகளைச் சேர்த்துவிடும். கடைசியில் இரண்டும் வேண்டும். தொடங்குவது அட்ரஸ் சானிட்டைஸரில். இனி ஏசான் என்போம்.

அதற்கு முன், கோட் தப்பாக இருந்தும் டெஸ்ட் எப்படி பாஸாகிறது என்று பாருங்கள். ஒரு ஸ்டிரிங்கை நகலெடுக்கும் ஃபங்ஷன் ‘மல்லாக்(ஸ்டர்லென்(எஸ்))’ என்று இடம் வாங்கி, அதில் ‘ஸ்டர்காப்பி’ செய்கிறது. கடைசியில் வரும் நல் எழுத்துக்கு ஒரு பைட் கூட்ட மறந்தாயிற்று. டெஸ்ட்டில் இருப்பது 13 எழுத்து ஸ்டிரிங். 64-பிட் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியிடம் 13 பைட் கேட்டால் 24 பைட் வரை புழங்கக்கூடிய துண்டு ஒன்றைத் தருகிறது. 14-வது பைட்டில் எழுதினாலும் ஒன்றும் ஆகாது, டெஸ்ட் பச்சை. பயனர் ஒருவர் சரியாக 24 எழுத்து கொடுக்கும் நாளில்தான் வினை. 25-வது பைட், அடுத்த துண்டின் அளவு எழுதியிருக்கும் இடத்தில் விழுந்து அந்த எண்ணின் கீழ் பைட்டைப் பூஜ்யமாக்கிவிடும். அப்போதும் அந்த வரியில் கிராஷ் வராது. பிறகு எப்போதோ, சம்பந்தமே இல்லாத ஒரு ‘ஃப்ரீ’யில் வரும். பழி அந்த ‘ஃப்ரீ’யை எழுதியவர் தலையில்.

ஏசான் இதை 13 எழுத்திலேயே பிடித்துவிடும். மெமரியின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் அது ஒரு நிழல் பைட் வைத்திருக்கிறது. நிழலில் 0 இருந்தால் எட்டு பைட்டும் உங்களுடையவை. 1 முதல் 7 வரை இருந்தால் முதல் அத்தனை பைட் மட்டும். ஆகவே 13 பைட் துண்டின் நிழல் ‘00 05’. அதற்கப்பால் ‘எஃப்ஏ எஃப்ஏ’ என்று ஹீப்பின் (மல்லாக் இடம் தரும் பகுதியின்) தடைவேலி. 14-வது பைட்டைத் தொட்டதுமே புரோகிராம் நின்று, ‘13 பைட் பகுதியை அடுத்து 0 பைட் தூரத்தில்’ என்று அறிக்கை வரும். கீழே நிழல் வரிசையில் 05 சதுர அடைப்புக்குள் இருக்கும். அந்த வரிசையைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது. எஃப்டி என்றால் ஏற்கெனவே ஃப்ரீ செய்த இடம், எஃப்1, எஃப்2, எஃப்3 என்றால் ஸ்டாக்கின் வேலி. பாதி நேரம் ஸ்டாக் டிரேஸைப் பார்க்காமலே கோளாறின் வகை தெரிந்துவிடும்.

சேர்ப்பது எளிது. வழக்கமான பில்ட்டைத் தொடாமல் தனி டைரக்டரியில் இன்னொரு பில்ட் போடுங்கள். ஃபிளாக்குகள்: ‘-ஜி’, ‘-ஓ1’, ‘-எஃப்னோ-ஒமிட்-ஃப்ரேம்-பாயின்டர்’, ‘-எஃப்சானிட்டைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்ட்’. இந்தக் கடைசி ஃபிளாக் கம்பைலுக்கும் வேண்டும், லிங்குக்கும் வேண்டும். லிங்கில் விட்டுப்போனால் ‘அண்டர்ஸ்கோர் அண்டர்ஸ்கோர் ஏசான்’ என்று தொடங்கும் பெயர்களைக் காணவில்லை என்று லிங்கர் பக்கம் பக்கமாகப் புலம்பும். லினக்ஸ் டிஸ்ட்ரோ தன் பங்குக்கு ‘ஃபோர்டிஃபை_சோர்ஸ்’ என்ற பாதுகாப்புச் சோதனையைப் போட்டிருந்தால் ‘-யூ’ கொடுத்து எடுத்துவிடுங்கள், இரண்டுக்கும் ஒத்துப்போகாது. மேசன் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ‘-டிபி_சானிட்டைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்ட்’ போதும். கிளாங் கம்பைலரோடு ஷேர்டு லைப்ரரி கட்டினால் கூடவே ‘-டிபி_லன்டெஃப்=ஃபால்ஸ்’.

ஏசான் புரோகிராமை ஏறக்குறைய இரண்டு மடங்கு மெதுவாக்கும். ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்டக் கட்டுப்படியாகும். வால்கிரிண்ட் 10 முதல் 50 மடங்கு வரை மெதுவாக்கும், அதை இரவு ஓட்டத்துக்கு வையுங்கள். (பெயரின் பின்பாதியை ‘கிரைண்ட்’ என்று சொல்வதில்லை, ‘கிரிண்ட்’தான், எழுதியவர்களே இதைக் கையேட்டில் விளக்க வேண்டியிருந்தது.) மெதுவாக ஓடினாலும் வால்கிரிண்ட்டை விட்டுவிட முடியாது. மதிப்பே போடாத மெமரியை வைத்து முடிவெடுக்கும் கோடை ஏசான் பார்க்காது, வால்கிரிண்ட்டில் இயல்பாக ஓடும் மெம்செக் கருவி பார்க்கும். மறுபக்கம், ஸ்டாக்கிலும் குளோபலிலும் உள்ள அரேயின் எல்லை தாண்டினால் மெம்செக்குக்குத் தெரியாது, ஏசானுக்குத் தெரியும். ஒரே பைனரியில் இரண்டையும் ஏற்ற முடியாது. வால்கிரிண்ட்டுக்கு சானிட்டைஸர் இல்லாத, ‘-ஜி -ஓ1’ பில்ட் ஒன்று தனியாக வேண்டும். ‘-ஓ2’விலும் அதற்கு மேலும் இல்லாத பிழையை மெம்செக் சில சமயம் காட்டும்.

கேள்வி: எல்லா டெஸ்ட்டையும் வால்கிரிண்ட்டில் ஓட்டினோம், எல்லாம் பாஸ். தற்செயலாக லாக்கைத் திறந்தால் ‘இன்வேலிட் ரீட்’ என்று பத்து இடத்தில் இருக்கிறது! டெஸ்ட் ஏன் ஃபெயிலாகவில்லை?

பதில்: நீங்கள் ஃபெயிலாகச் சொல்லவில்லை. வால்கிரிண்ட் பிழையை எழுதிவைக்கும், ஆனால் தன்னுள் ஓடிய புரோகிராமின் எக்சிட் கோடைத்தான் திருப்பித் தரும். புரோகிராம் 0 என்றால் இதுவும் 0. ‘--எரர்-எக்சிட்கோட்’ கொடுத்தால்தான் பிழை இருக்கும்போது வேறு எண் வரும். மேலே ஃபிளாக்கில் ‘அன்டிஃபைன்ட்’ என்று சேர்த்தோமே, அந்த யூபிசானிலும் (விளைவு என்னவென்று மொழி விதி சொல்லாத செயல்களைப் பிடிப்பது) இதே கதைதான். இயல்பில் ஒரு வரி அச்சிட்டுவிட்டு மேலே ஓடும். ‘-எஃப்னோ-சானிட்டைஸ்-ரிகவர்=ஆல்’ சேர்த்தால்தான் நிற்கும். ஏசான் மட்டும் முதல் பிழையிலேயே நின்றுவிடும்.

எந்த எண்ணைக் கொடுப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. 1 கொடுக்காதீர்கள். ‘தவறான ஃபைல் கொடுத்தால் புரோகிராம் 1 என்று வெளியேற வேண்டும்’ என்று சோதிக்கும் டெஸ்ட் உங்களிடம் நிச்சயம் இருக்கும். மெமரிப் பிழையும் 1 என்று வந்தால் அந்த டெஸ்ட் மகிழ்ச்சியாகப் பாஸாகிவிடும். 77-உம் வேண்டாம், ஆட்டோமேக் என்ற பில்ட் கருவி அதை ‘ஸ்கிப்’ என்று எடுத்துக்கொள்ளும். 99 கொடுங்கள். ஆட்டோமேக்கில் 99 என்றால் கடும் பிழை. தோற்கும் என்று எதிர்பார்த்துக் குறித்துவைத்த டெஸ்ட்டில் வந்தாலும் பிழையாகவே காட்டும். ஏசானுக்கும் அதே எண்: ‘ஏசான்_ஆப்ஷன்ஸ்=எக்சிட்கோட்=99’.

அடுத்து, உங்கள் டெஸ்ட்கள் லிப்டூல் (ஷேர்டு லைப்ரரி கட்ட உதவும் கருவி) வழியாகக் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். லைப்ரரியை இன்ஸ்டால் செய்யாமல் டெஸ்ட் ஓட்டும்போது, பில்ட் டைரக்டரியில் இருக்கும் ‘டெஸ்ட்_ஃபூ’ பெரும்பாலும் பைனரி அல்ல, ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட். அசல் பைனரி ‘.லிப்ஸ்’ டைரக்டரிக்குள் ஒளிந்திருக்கும். ‘வால்கிரிண்ட் ./டெஸ்ட்_ஃபூ’ என்று ஓட்டினால் நீங்கள் சோதிப்பது ஷெல்லை. ஷெல்லில் பிழை இருக்காது, அறிக்கை சுத்தமாக வரும், நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். ‘லிப்டூல் --மோட்=எக்சிக்யூட் வால்கிரிண்ட் ...’ என்று ஓட்டுவதே முறை. டெஸ்ட் தானே ஷெல் ஸ்க்ரிப்ட்டாக இருந்து உள்ளே உங்கள் புரோகிராமை அழைத்தால், ‘--டிரேஸ்-சில்ட்ரன்=யெஸ்’ வேண்டும். அதோடு பேஷ், கிரெப், செட் எல்லாமும் வால்கிரிண்ட்டுக்குள் போய் நேரத்தைத் தின்னும். அதனால் ஸ்க்ரிப்ட்டுக்குள் புரோகிராமை அழைக்கும் இடத்தில் ஒரு வேரியபிளை முன்னால் போட்டு, அதில் வால்கிரிண்ட் ஆணையை நிரப்புவதையே நாங்கள் விரும்புகிறோம். ஸ்க்ரிப்ட் அந்த எக்சிட் கோடைக் கண்டுகொள்கிறதா என்றும் பாருங்கள். பைப்பின் நடுவில் நிற்கும் புரோகிராமின் கோடை ஷெல் இயல்பில் தூக்கியெறிந்துவிடும்.

எஸ்டிடிஎர்ரை, அதாவது பிழைச் செய்தி வரும் வெளியீட்டை, விழுங்கிவிடும் டெஸ்ட்களும் உண்டு. அவற்றுக்காக, வால்கிரிண்ட்டில் ‘--லாக்-ஃபைல்’ பெயரில் ‘%பி’ சேர்த்தும், ஏசானில் ‘லாக்_பாத்’ கொடுத்தும் புராசஸுக்கு ஒரு ஃபைல் என்று எழுதவையுங்கள். ஓட்டம் முடிந்ததும், ஏசான் பக்கம் அப்படி ஏதாவது ஃபைல் உருவாகியிருந்தாலே சிஐ (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பு) சிவப்பாக வேண்டும். வால்கிரிண்ட் எப்போதும் ஃபைல் எழுதும் என்பதால் அதில் ‘எரர் சம்மரி’ வரியைத் தேட வேண்டும்.

இத்தனையும் சரியாக இணைந்ததா என்று அறிய ஒரே வழி, வேண்டுமென்றே ஒரு பிழையை வைப்பது. ஃப்ரீ செய்த இடத்தைப் படிக்கும் நான்கு வரி டெஸ்ட் ஒன்றை எழுதுங்கள். படித்த மதிப்பை அச்சிடச் சொல்லுங்கள், இல்லையேல் கம்பைலர் அந்த வரியையே நீக்கிவிடும். அதைத் தொகுப்பில் நிரந்தரமாக வைத்து, மெமரிச் சோதனை ஓட்டத்தில் சரியாக 99 வருகிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் கழித்து யாரோ பில்ட் ஃபைலைத் திருத்தி ஃபிளாக்கை உதிர்த்துவிட்டால் முதலில் குரல் கொடுப்பது இந்த டெஸ்ட்தான்.

கேள்வி: வால்கிரிண்ட் போட்டதும் பாதி டெஸ்ட் டைம்அவுட் ஆகிறது.

பதில்: டைம்அவுட்டைப் பெருக்குங்கள். மேசனில் ‘மேசன் டெஸ்ட் -டி 30’ என்றால் 30 மடங்கு. நிரந்தரமாக வேண்டுமானால் ‘ஆட்_டெஸ்ட்_செட்டப்’ மூலம் வால்கிரிண்ட்டையும் பெருக்கலையும் ஒரே பெயரில் கட்டிவைக்கலாம். சிமேக்கோடு வரும் சிடெஸ்ட்டில் டைம்அவுட்டைத் தனியாகக் கூட்டிவிட்டு ‘சிடெஸ்ட் -டி மெம்செக்’. அந்த டி பெரிய எழுத்து. பத்து லட்சம் முறை சுற்றும் டெஸ்ட்டை ஆயிரம் முறையாகக் குறைத்தால் மெமரிப் பிழை எதுவும் பெரும்பாலும் தப்பிப்போகாது, இரண்டாவது சுற்றும் முதல் சுற்றின் பாதையில்தான் போகிறது. த்ரெட்களை வால்கிரிண்ட் ஒரு நேரத்தில் ஒன்றாகத்தான் ஓட்டும். எனவே எட்டு கோர் இருந்தாலும் ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு கோர்தான். டெஸ்ட்களை இணையாக ஓட்டி நேரத்தை மீட்டுக்கொள்ளுங்கள். ‘இத்தனை மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும்’ என்று சோதிக்கும் டெஸ்ட்களை இந்த ஓட்டத்திலிருந்து நீக்கிவிடுவதே நேர்மை.

கேள்வி: முதல் ஓட்டத்திலேயே நானூறு லீக், அதாவது வாங்கித் திருப்பித் தராத மெமரி. பார்த்ததும் குழுவுக்கே ஆர்வம் போய்விட்டது. லீக் சோதனையை அணைத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு அணையுங்கள், தவறே இல்லை. ‘டிடெக்ட்_லீக்ஸ்=0’ போட்டு, எல்லை மீறல், ஃப்ரீக்குப் பின் பயன்பாடு, இருமுறை ஃப்ரீ ஆகியவற்றை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அவை புரோகிராமின் விடையையே மாற்றும் பிழைகள். ஓடி முடிந்து ஒரு நொடியில் வெளியேறும் கமாண்ட் லைன் கருவியில் லீக் பெரும்பாலும் தூசுதான். மாதக்கணக்கில் ஓடும் சர்வரில் அப்படி அல்ல, அங்கே அதை அடுத்த கட்டத்திலேயே எடுத்தாக வேண்டும்.

லீக்குக்குத் திரும்பும்போது வகை பிரியுங்கள். வால்கிரிண்ட்டின் நான்கு வகையில் ‘டெஃபினிட்லி லாஸ்ட்’ (எந்தப் பாயின்டரும் சுட்டாத இடம்) மட்டும் ஃபெயிலாகட்டும்: ‘--லீக்-செக்=ஃபுல் --எரர்ஸ்-ஃபார்-லீக்-கைண்ட்ஸ்=டெஃபினிட்’. முதல் ஃபிளாக்கை ‘ஃபுல்’ ஆக்காவிட்டால் லீக் எதுவும் பிழைக் கணக்கிலேயே சேராது. ‘இன்டைரக்ட்லி லாஸ்ட்’டை (தொலைந்த வேறொரு துண்டிலிருந்து மட்டும் சுட்டப்படும் இடம்) தனியாகத் துரத்த வேண்டாம். வேரைப் பிடித்துச் சரிசெய்தால் கிளைகள் தாமே மறையும். நானூறு என்பது நாற்பது வேராக இருக்க வாய்ப்புண்டு. அதிலும் பல, டெஸ்ட் கோடே ஃப்ரீ செய்யாமல் விட்டவையாக இருக்கும்.

மற்றவர் லைப்ரரியில் உள்ள லீக்குக்கு, ‘இதைக் காட்டாதே’ என்று கருவிக்குச் சொல்லும் சப்ரெஷன் ஃபைல். ‘--ஜென்-சப்ரெஷன்ஸ்=ஆல்’ போட்டால் வால்கிரிண்ட்டே எழுதித் தரும். அதை அப்படியே ஒட்டினால் மிகக் குறுகலாக இருக்கும், லைப்ரரியின் அடுத்த வெர்ஷனில் பொருந்தாது. சோம்பல்பட்டு வெட்டினால் மிக அகலமாகிவிடும். ‘ஃபன்:மல்லாக்’ என்ற ஒரே வரியோடு ஒரு லீக் சப்ரெஷன் நின்றால், மல்லாக்கில் வாங்கிய அத்தனை லீக்கும் அதற்குள் அடங்கிப்போகும். அளவு இதுதான்: மல்லாக்கிலிருந்து தொடங்கி, அந்த லைப்ரரியின் பொது ஃபங்ஷன் பெயர் வரும் வரை வைத்து, அதற்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். ஏசானுக்குள் லீக்கைப் பார்ப்பது லீக் சானிட்டைஸர். அதன் சப்ரெஷன், பெயரின் எந்தப் பகுதி பொருந்தினாலும் ஏற்றுக்கொள்ளும். ‘லீக்:இனிட்’ என்று எழுதினால் ‘இனிட்’ எங்கே வந்தாலும் மறைந்துவிடும்.

எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளாமல் போக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் ரேண்டம் எண் பகுதியில், மதிப்பு போடாத மெமரியைப் பயன்படுத்துவதாக வால்கிரிண்ட் எச்சரித்தது. 2006-இல் டெபியன் லினக்ஸின் பேக்கேஜில் ஒரே மாதிரி தோன்றிய இரண்டு வரிகளை நீக்கினார்கள். எச்சரிக்கை போயிற்று. அந்த இரண்டில் ஒன்று, ரேண்டம் தொகுப்புக்குள் விதையைக் கலக்கும் வரி. மிஞ்சிய விதை புராசஸ் ஐடி மட்டும். அதிகபட்சம் 32,768 சாத்தியங்கள். 2008 மே மாதம் விஷயம் வெளிவரும் வரை டெபியனிலும் அதன் வழிவந்தவற்றிலும் உருவான எஸ்எஸ்எச், எஸ்எஸ்எல் சாவிகள் ஊகிக்கக்கூடியவையாக இருந்தன. மெம்செக்கின் இந்த வகை எச்சரிக்கை, மதிப்பு காப்பியாகும் இடத்தில் வராது, அதை நம்பி ஓர் ‘இஃப்’ முடிவெடுக்கும் இடத்தில் வரும். அதனால் காட்டும் வரி வேறு, கோளாறின் வேர் வேறு. ‘--டிராக்-ஆரிஜின்ஸ்=யெஸ்’ போட்டு மெமரி எங்கே பிறந்தது என்று பார்த்துவிட்டுக் கைவையுங்கள். வேகம் இன்னும் பாதியாகும். அந்த ஒரு டெஸ்ட்டுக்கு மட்டும் போட்டால் போயிற்று.

கேள்வி: பைதானுக்கு சி எக்ஸ்டென்ஷன் எழுதுகிறோம். ஏசானோடு கட்டினால், ‘ஏசான் ரன்டைம் லைப்ரரி பட்டியலில் முதலில் வரவில்லை’ என்று சொல்லி இம்போர்ட்டிலேயே செத்துவிடுகிறது.

பதில்: பைதான் பைனரியில் ஏசான் இல்லை, உங்கள் எக்ஸ்டென்ஷனில் மட்டும் இருக்கிறது. ஏசான் மல்லாக்கைக் கைப்பற்ற வேண்டுமானால் எல்லோருக்கும் முன்னால் ஏற வேண்டும். ‘ஜிசிசி -பிரிண்ட்-ஃபைல்-நேம்=லிப்ஏசான்.எஸ்ஓ’ தரும் பாதையை ‘எல்டி_ப்ரீலோட்’டில் கொடுங்கள். அதைப் பைதானை அழைக்கும் அந்த ஒரு ஆணைக்கு மட்டும் கொடுங்கள். ஷெல் முழுவதற்கும் எக்ஸ்போர்ட் செய்தால் மேக், கம்பைலர் எல்லாமும் ஏசானோடு ஓடும்.

இன்னொன்று, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். 512 பைட் வரையிலான சிறு ஆப்ஜெக்ட்களுக்குப் பைதான் தன் சொந்த அலகேட்டரைப் பயன்படுத்துகிறது. பெரிய துண்டாக வாங்கி உள்ளே பிரித்துக்கொள்வதால் அதற்குள் நடக்கும் மீறல் எந்தக் கருவிக்கும் தெரியாது. ‘பைதான்மல்லாக்=மல்லாக்’ வைத்தால் ஒவ்வொன்றும் நேராக மல்லாக்குக்குப் போகும். வால்கிரிண்ட்டுக்கும் இதே வைத்தியம். லீக் சோதனையை இங்கே அணைத்தே வையுங்கள். பைதான் வெளியேறும்போது விட்டுச்செல்வதே ஏராளம்.

கேள்வி: வேகத்துக்காக எங்கள் சர்வரில் சொந்த மெமரி பூல் வைத்திருக்கிறோம். ஏசான், வால்கிரிண்ட் இரண்டும் ஒரு பிழையும் காட்டவில்லை. நல்ல செய்திதானே?

பதில்: மேலே உள்ள பதிலைப் படித்திருந்தால் உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். கருவிகளுக்கு உங்கள் பூல் ஒரே பெரிய மல்லாக். பூலுக்குத் திருப்பிக் கொடுத்ததை மறுபடி படித்தாலும் அவற்றின் கண்ணில் அது உயிருள்ள மெமரிதான்.

எளிய வழி, சோதனை பில்ட்டில் ஒரு மேக்ரோவால் பூலை மல்லாக், ஃப்ரீயாக மாற்றிவிடுவது. அது முடியாவிட்டால் பூலுக்கே பேசக் கற்றுக்கொடுங்கள். இடத்தைத் திரும்பப் பெறும்போது ‘ஏசான்_பாய்சன்_மெமரி_ரீஜன்’, கொடுக்கும்போது ‘ஏசான்_அன்பாய்சன்_மெமரி_ரீஜன்’. வால்கிரிண்ட்டுக்கு ‘வால்கிரிண்ட்_மெம்பூல்_அலாக்’ வகையறா. வால்கிரிண்ட்டுக்கு வெளியே ஓடும்போது அவை ஏறக்குறைய செலவே வைக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் இடையே 16 பைட் விட்டு அதையும் பாய்சன் செய்தால்தான் பக்கத்துத் துண்டுக்குள் வழிவது பிடிபடும். துண்டின் தொடக்கம் 8 பைட் எல்லையில் இருக்கட்டும், நிழல் பைட்டின் கணக்கு அதுதான். திரும்பப் பெற்ற துண்டை உடனே அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், வரிசையில் கடைசியில் போடுங்கள். ஏசானும் ஃப்ரீ செய்ததை இப்படித்தான் கொஞ்சக் காலம் ஒதுக்கி வைத்து (இயல்பில் 256 எம்பி வரை) பழைய பாயின்டர்களைப் பிடிக்கிறது.

கேள்வி: என் கணினியில் ஏசான் நன்றாக ஓடுகிறது. சிஐ கன்டெய்னரில் தொடங்கும்போதே விழுகிறது.

பதில்: மூன்று இடம் பாருங்கள். ‘யூலிமிட் -வி’ போட்டிருந்தால் எடுங்கள், ஏசான் நிழலுக்காகப் பல டெராபைட் வெர்ச்சுவல் முகவரியை முன்பதிவு செய்கிறது. உண்மை ரேம் அவ்வளவு போகாது. ‘டெட்லிசிக்னல்’ என்று திரும்பத் திரும்ப வந்தால் ஹோஸ்ட் கெர்னலில் ‘விஎம்.எம்மேப்_ஆர்என்டி_பிட்ஸ்’ 32 ஆக இருக்கக்கூடும். பழைய ஏசான் அதைத் தாங்காது, 28 ஆக்குங்கள் அல்லது கம்பைலரைப் புதுப்பியுங்கள். ஓட்டம் முடியும் தறுவாயில் பிட்ரேஸ் (ஒரு புராசஸை இன்னொன்று ஆராயும் வசதி) பற்றிப் புகார் வந்தால் அது லீக் சோதனை. கன்டெய்னருக்கு ‘சிஸ்_பிட்ரேஸ்’ அனுமதி கொடுங்கள். ஜிடிபி டிபக்கருக்குள் ஓட்டும்போது வருவதும் இதே புகார்தான்.

கேள்வி: மல்லாக் தோற்றால் என்ன ஆகும் என்று சோதிக்கும் டெஸ்ட்டும் இருக்கிறது. ஏசானில் அது மட்டும் ஃபெயில்.

பதில்: அபாரமான அளவு கேட்டால் ஏசான் நல் திருப்பித் தராது, பிழை என்று நிறுத்திவிடும். அந்த டெஸ்ட்டுக்கு ‘அலகேட்டர்_மே_ரிட்டர்ன்_நல்=1’ கொடுங்கள்.

ஆனால் ஒரு பெரிய எண்ணைக் கேட்டுப் பார்ப்பது அரைச் சோதனைதான். கர்ல் புராஜெக்ட்டின் டெஸ்ட் தொகுப்பில் ‘டார்ச்சர்’ என்று ஒரு முறை உண்டு. டெஸ்ட்டை ஒருமுறை ஓட்டி எத்தனை அலகேஷன் நடக்கிறது என்று எண்ணிக்கொள்கிறது. பிறகு முதல் அலகேஷனைத் தோற்கடித்து ஓட்டுகிறது, அடுத்து இரண்டாவதை, அப்படியே கடைசி வரை. ஒவ்வொரு முறையும் கிராஷோ லீக்கோ இருக்கிறதா என்று பார்க்கிறது. உங்கள் மல்லாக் அழைப்புகள் எல்லாம் ஒரே ராப்பர் வழியாகப் போனால் இதை நாற்பது வரியில் செய்துவிடலாம்: ஒரு எண்ணி, ‘எத்தனையாவது தோற்க வேண்டும்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிள், ஒரு ஷெல் லூப். ஏசான் பில்ட்டில், லீக் சோதனையைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள். மூன்று இடம் வாங்கி நான்காவதில் தோற்றுத் திரும்பும்போது முதல் மூன்றில் எதை ஃப்ரீ செய்ய மறந்தீர்கள், எதை இருமுறை செய்தீர்கள் என்பதெல்லாம் அங்கேதான் கொட்டும்.